முதல் ஊசிக்கு முன்பு எடுக்க வேண்டிய ரத்தம்

தேனி மாவட்டக் கம்பத்திலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் விடிவதற்குள் கிளம்பிவிடும். கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மலையேறி, வேலை முடித்து இறங்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். லேபுக்குப் போக நேரம் கிடைப்பது அதன் பிறகுதான். நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் "முன்ன மாதிரி இல்லை" என்று தோன்றி டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைப் பார்க்கப் போகிறவரின் முதல் ரத்தம், மாலை ஐந்து மணிக்கு, டீயும் வடையும் இறங்கிய வயிற்றோடு எடுக்கப்படுகிறது. தாளில் குறைவு என்று வருகிறது. அடுத்த வாரமே டெஸ்டோஸ்டிரோன் ஊசி.

அந்த ஊசியைப் பற்றியும் எழுதப்போகிறேன். ஆனால் அதற்கு முந்தைய ரத்தத்தைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். ஊசி உள்ளே போய்விட்டால், உங்கள் உடம்பு சொந்தமாக எவ்வளவு சுரந்துகொண்டிருந்தது என்பதை மறுபடி தெரிந்துகொள்ள மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முதலில் தவறாக அளந்ததைப் பிறகு யாராலும் திருத்த முடியாது.

டெஸ்டோஸ்டிரோன் காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள் உச்சத்தில் இருக்கும், மாலைக்குள் இறங்கும். இளவயதில் இந்த இறக்கம் பெரிது. வயதானால் சிறிது, ஆனாலும் உண்டு. சாப்பாடும் அளவை இறக்கும்: குளுக்கோஸ் கரைசல் குடிக்கவைத்துப் பார்த்தபோது சராசரியாக 25 சதவீதம் விழுந்தது. ஆகவே காலையில், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். சர்க்கரைக்காக இரண்டு முறை ரத்தம் கொடுப்பவர்கள் சாப்பிடும் முன் எடுக்கும் ரத்தத்திலேயே ஹார்மோனையும் பார்க்கச் சொல்ல வேண்டும்; சாப்பிட்ட பின் எடுக்கும் ரத்தம் இதற்கு ஆகாது. ராத்திரி முழுக்க லாரி ஓட்டுகிறவர், காவல் வேலை பார்க்கிறவர் தூங்கி எழுந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்கலாம். தூங்காத இரவுக்குப் பிறகு கொடுத்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. காய்ச்சல் வந்து படுத்து எழுந்தவர் சில வாரம் பொறுக்க வேண்டும், ஏனென்றால் எந்தக் கடும் நோயும் டெஸ்டோஸ்டிரோனைத் தற்காலிகமாகக் கீழே தள்ளும். முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். பல லேப்களில் உள்ள பரிசோதனை முறையில் பயோட்டின் குறுக்கே புகுந்து, இல்லாத டெஸ்டோஸ்டிரோனை இருப்பதாகக் காட்டும்.

இப்படி ஒரு நாள் எடுத்தது போதாது. வேறொரு நாள், அதே லேபில், அதே விதமாக இன்னொரு முறை எடுக்க வேண்டும். முதல் முறை குறைவாக வந்து இரண்டாம் முறை சரியாக வருகிறவர்கள் ஏராளம். தோட்டத்துக்கு லீவு விடும் நாளாகப் பார்த்து இரண்டு காலைகளை இதற்கென்று ஒதுக்குங்கள்.

எல்லைக்கோடு என்று எந்த எண்ணைச் சொல்வது? அமெரிக்கச் சிறுநீரியல் (யூராலஜி) சங்கம் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே என்கிறது. அங்குள்ள எண்டோகிரைன் சொசைட்டியின் 2018 வழிகாட்டி, பருமன் இல்லாத இளைஞர்களின் இயல்பு வரம்பின் அடிமட்டமாக 264-ஐச் சொல்கிறது. ஐரோப்பியர்கள் லிட்டருக்கு 12 நானோமோலுக்குக் கீழே என்றால் யோசிக்க வேண்டும், 8-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் குறைபாடுதான் என்கிறார்கள். இந்த இரண்டு அளவைகளும் மாநில எல்லைப்புறத்தில் குழப்பத்தைக் கொண்டுவரும். கட்டப்பனையில் எடுத்த தாளில் ஒரு அளவையும் தேனியில் எடுத்த தாளில் இன்னொன்றும் இருந்தால், 10 என்பதையும் 288 என்பதையும் பார்த்து ஆள் கலங்கிப்போவார். இரண்டும் ஒன்றே. நானோமோல் எண்ணை 28.8-ஆல் பெருக்கினால் நானோகிராம் கணக்கு வந்துவிடும்.

மொத்த அளவு இந்த எல்லையை ஒட்டி நின்றால் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தையும் பார்க்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி ரத்தத்தில் புரதங்களோடு ஒட்டிக்கொண்டே சுற்றுகிறது. கட்டின்றி உலவுவது 2, 3 சதவீதம்தான். தொப்பை, சர்க்கரை நோய், கொழுப்பேறிய கல்லீரல், தைராய்டு குறைவு ஆகியவற்றில் எஸ்.எச்.பி.ஜி. இறங்கும். அதனால் மொத்த அளவு குறைந்து தெரியும், கட்டற்ற பகுதி சரியாகவே இருக்கலாம். வயதேறினால் நேர்மாறு. எஸ்.எச்.பி.ஜி.யும் அல்புமினும் தெரிந்தால் கட்டற்ற பகுதியைக் கணக்குப் போட்டு எடுக்கலாம். லேபில் "ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்" என்று நேரடியாக மலிவாகச் செய்து தருவதைவிட அந்தக் கணக்கே நம்பகமானது.

அடுத்தது எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்கள். இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் தண்ணீர்க் கணக்கு தெரியாதவர் கிடையாது, அதனால் அப்படியே சொல்கிறேன். வயலில் தண்ணீர் இல்லை என்றால் முதல் கேள்வி, தேக்கடியில் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீருக்கான ஷட்டரைத் திறந்தார்களா என்பதுதான். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் ஷட்டர். அங்கிருந்து வருகிற எல்.எச். விரையைச் சுரக்கச் சொல்கிறது. எல்.எச். அதிகம், டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்றால் ஷட்டரை முழுக்கத் திறந்தும் வயல் காய்கிறது என்று பொருள், கோளாறு விரையில். சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து விரையில் இறங்கியது, கீழிறங்காத விரை, புற்றுநோய் மருந்து, பிறவிக் குரோமோசோம் மாற்றம் என்று காரணம் தேட வேண்டும். எல்.எச். குறைவாகவோ, ஏற வேண்டிய நேரத்தில் ஏறாமல் நடுவிலோ நின்றால் ஷட்டரே திறக்கவில்லை. அப்போது புரோலாக்டின் (பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோன்), தைராய்டு, இரும்புச்சத்து மூன்றையும் பார்க்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் 150 நானோகிராமுக்கும் கீழே போயிருந்தாலோ, புரோலாக்டின் ஏறியிருந்தாலோ, தலைவலியோடு பார்வையும் ஓரங்களில் மங்கினாலோ பிட்யூட்டரியை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்காமல் ஊசி போடக் கூடாது. அங்கே கட்டி இருந்தால் ஹார்மோன் ஊசி அதை மறைத்து வைக்குமே தவிர ஆற்றாது.

எண் மட்டும் குறைந்தால் போதாது, அறிகுறியும் இருக்க வேண்டும். அறிகுறிகளில் கனமானவை மூன்று: நாட்டம் குறைவது, விடியற்காலை விறைப்பு நின்றுபோவது, விறைப்பே கஷ்டமாவது. அசதி, எரிச்சல், மறதி, தூக்கமின்மை போன்றவை நூறு காரணங்களால் வரும். ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையிலான ஆண்களை வைத்துச் செய்து 2010-இல் வெளியான ஆய்வில், எண்ணும் இந்த மூன்று அறிகுறிகளும் சேர்ந்து பொருந்தியவர்கள் 2.1 சதவீதம் மட்டுமே. அசதியோடு வருகிற ஐம்பது வயதுக்காரருக்கு ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, பி-12, மனச்சோர்வு எல்லாம் பார்த்துவிட்டு இதற்கு வருவதே முறை. விறைப்புக் கோளாறு மட்டும் இருந்து டெஸ்டோஸ்டிரோன் சரியாக இருந்தால் இந்தச் சிகிச்சையால் பலனில்லை. அது ரத்தக்குழாய் அடைப்பின் முதல் சமிக்ஞையாகவும் இருக்கலாம்; இதயத்தைப் பாருங்கள்.

திரும்ப ஏறக்கூடிய குறைவு என்று ஒன்று இருக்கிறது. நடுவயதில் அதுவே அதிகம். வயிற்றுக் கொழுப்பு டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றி, பிட்யூட்டரியையும் அடக்குகிறது. எடை இறங்கினால் அளவு ஏறும், இறக்கிய அளவுக்கு ஏற்ப ஏறும். சத்தமான குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். கவனிக்காமல் ஊசி போட்டால் ரத்தம் கெட்டியாவதும் சேர்ந்துகொள்ளும். தினமும் குடி. வலிக்காக மாதக்கணக்கில் டிரமடால். மூட்டுவலிக்கென்று பெயரில்லாத பொட்டலத்தில் வாங்கும் மாத்திரை, பொடி: இவற்றில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு, அதுவும் ஷட்டரை மூடும். மலைச்சரிவில் முதுகொடியக் காய் எடுக்கிறவர்களுக்கு வலி உண்மையானது, அதனால்தான் இதைச் சொல்கிறேன். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டால் அந்தப் பொட்டலத்தையும் எடுத்துக் காட்டுங்கள்.

"ஆண்மைக்குறைவுக்கு" என்று பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் ஒட்டியிருக்கும் லேகியங்களிலும் பொடிகளிலும் சில்டெனாஃபில் கலப்பது பலமுறை பிடிபட்ட விஷயம். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் வைக்கிறவர் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு விழும்.

இனி மிக முக்கியமான விஷயம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும், வயல் நனைந்துவிட்டது என்று பிட்யூட்டரி ஷட்டரை மூடிவிடும். எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் விழும். விரை சுருங்கும், விந்தணு உற்பத்தி நிற்கும். விந்தணுவே இல்லாத நிலைக்குப் பெரும்பாலானவர்கள் சில மாதங்களில் வந்துவிடுவார்கள். இந்த ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்திருக்கிறது. குழந்தைக்காக ஏங்குகிற ஒருவருக்கு "சத்து ஏறட்டும்" என்று இதே ஊசியைப் போடுவதைவிடப் பெரிய அநியாயம் இந்தச் சிகிச்சையில் இல்லை. நாற்பதுக்கு மேல் கல்யாணமானவர், மறுமணம் செய்தவர், இன்னொரு குழந்தைக்கு யோசிக்கிறவர் எல்லோரும் முதல் நாளே வாய்திறந்து சொல்ல வேண்டும். ஷட்டர்தான் கோளாறு என்றால் அவர்களுக்கு வேறு வழி உண்டு. குளோமிஃபீன் மாத்திரை பிட்யூட்டரியை உசுப்பும். எச்.சி.ஜி. ஊசி, எல்.எச். செய்யும் வேலையைச் செய்யும். வாரம் இரண்டு மூன்று முறை போட வேண்டும். கலக்கிய எச்.சி.ஜி.யை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஜீப்பின் முன்பெட்டியில் வைத்து மலைக்குக் கொண்டுபோனால் கெட்டுவிடும். ஏற்கெனவே டெஸ்டோஸ்டிரோன் போட்டுக்கொண்டவர் நிறுத்தினால் விந்தணு திரும்புவதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும், சிலருக்கு இரண்டு வருடமும் ஆகும். சிலருக்கு முழுமையாகத் திரும்புவதில்லை.

வேறு யாருக்குக் கூடாது: புரோஸ்டேட் அல்லது மார்புப் புற்றுநோய் உள்ளவர், பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) 4-ஐத் தாண்டி அதற்கு விளக்கம் கிடைக்காதவர், கடந்த ஆறு மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பு உள்ளவர், ரத்தம் உறையும் கோளாறு உள்ளவர், சிறுநீர் கழிக்க மிகவும் சிரமப்படுகிறவர், ஹிமாடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) ஏற்கெனவே உயர்ந்திருப்பவர்.

எல்லாம் பார்த்து, தேவைதான் என்று முடிவானால் மருந்தின் வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாநில எல்லை தாண்டிச் சிகிச்சை எடுக்கிறவர்கள் வழுக்கி விழும் இடம் இது. "அண்ணே, அந்த ஹார்மோன் ஊசி ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் எதைக் கொடுப்பார்? சஸ்டனான் 250 என்பது நான்கு வகை டெஸ்டோஸ்டிரோன் சேர்மங்களின் கலவை: 30, 60, 60, 100 மில்லிகிராம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை. அன்டிகனோயேட் டெப்போ, அதாவது உடம்பில் மெல்லக் கரையும் ஊசி, 4 மில்லியில் 1000 மில்லிகிராம். முதல் ஊசிக்கு ஆறு வாரம் கழித்து இரண்டாவது, அதன் பின் 10 முதல் 14 வாரத்துக்கு ஒன்று. ஒன்றின் இடைவெளியில் மற்றொன்றைப் போட்டால் ஒருபக்கம் ஏறக்குறைய இரண்டு மாதம் வெறுமை, மறுபக்கம் மூன்று வாரத்துக்கொருமுறை நான்கு மடங்கு மருந்து. ஒன்றை இன்னொன்றாக மாற்றுவது மருத்துவரின் வேலை, மருந்துக்கடை முடிவுசெய்யும் காரியம் இல்லை. காலி மருந்துக் குப்பியின் லேபிளை போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சஸ்டனான் கடலை எண்ணெயில் கரைத்தது. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவருக்கு ஆகாது, இதை யாரும் கேட்பதில்லை, நீங்களே சொல்லுங்கள். டெப்போ விளக்கெண்ணெயில் கரைத்தது, கூழ் மாதிரி கெட்டி. போடுகிறவர் குப்பியை உள்ளங்கையில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, பிட்டத் தசையில் ஆழமாக, இரண்டு நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரமாக அழுத்தினால் எண்ணெய்த் துளிகள் ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போய், திடீரென்று அடக்க முடியாத இருமலும் மூச்சுத் திணறலும் வரும். அதனால்தான் ஊசிக்குப் பின் 30 நிமிடம் அங்கேயே உட்காரச் சொல்வார்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க எழுந்து ஓடாதீர்கள். வண்டிப்பெரியாறு, நெடுங்கண்டம் பக்கத்துக் குளிரில் எண்ணெய் இன்னும் கெட்டிப்படும். ஊசியை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது, சாதாரண அறைச் சூடு போதும்.

இரண்டு மூன்று வாரத்து ஊசிகளின் குறை ஏற்ற இறக்கம். போட்ட சில நாளில் உச்சம், அடுத்த ஊசிக்கு முந்தைய நாட்களில் பள்ளம். மனநிலையும் கூடவே ஏறி இறங்கும், ரத்தமும் இதில்தான் அதிகம் கெட்டியாகிறது. மருந்தைக் கூட்டுவது இதற்குத் தீர்வாகாது. அளவைப் பிரித்து இடைவெளியைக் குறைத்தால் சரியாகும்.

ஜெல் சீராக வேலை செய்யும். 1 சதவீத ஜெல்லில் 5 கிராம் எடுத்தால் 50 மில்லிகிராம் மருந்து, அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தோல் வழியாக உள்ளே போகும். காலைக் குளியலுக்குப் பின், நன்றாகத் துவட்டி, தோள், மேல்கை, வயிற்றில் தடவுங்கள். பிறப்புறுப்பில் தடவக் கூடாது. சாராயத்தில் கலந்தது என்பதால் காயும்வரை பீடியும் அடுப்பும் பக்கத்தில் வேண்டாம். பின் சோப்புப் போட்டுக் கை கழுவி, அந்த இடத்தைத் துணியால் மூட வேண்டும். ஐந்தாறு மணி நேரம் நனையக் கூடாது. நம் வீடுகளில் ஆண்கள் வெற்றுடம்பில் வேட்டியோடு இருப்பதும், பேரப்பிள்ளை தோளில் ஏறி விளையாடுவதும் இயல்பு. ஆபத்தும் அங்கேதான். தோளில் உள்ள ஜெல் குழந்தையின் தோலுக்குப் போனால் மூன்று வயதில் பருவ அறிகுறி தெரியும். பெண்களுக்கு முகத்தில் முடி வளரும். 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காகவே கடும் எச்சரிக்கை போடச் சொன்னது. ஜெல் போடுகிறவர் வீட்டில் பனியன் கட்டாயம், குழந்தையைத் தூக்கும் முன் அந்த இடத்தைக் கழுவுவதும் கட்டாயம். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் காலைக் குளியலுக்குப் பின் தடவினால் மாலைக் குளியலால் கெடுதல் இல்லை. நெரிசலில் தோளோடு தோள் உரசி மலையேறும் ஓரிரு நாள் ஜெல்லை விட்டுவிட்டாலும் ஆபத்தில்லை.

விழுங்கும் அன்டிகனோயேட் கேப்சூலும் உண்டு, 40 மில்லிகிராம். கொழுப்போடு சேர்ந்துதான் இது குடலிலிருந்து ஏறும். ஒரு வேளைச் சாப்பாட்டில் 20 கிராம் அளவுக்குக் கொழுப்பு வேண்டும். சாம்பாரோடு இரண்டு இட்லி சாப்பிட்டு விழுங்கினால் பெரும்பகுதி வீண்.

கண்காணிப்பில் முதலாவது ஹிமாடோக்ரிட். நம் லேப் தாள்களில் பி.சி.வி. என்று இருக்கும். தொடங்கும் முன், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள், பிறகு வருடம் ஒருமுறை. 48-ஐத் தாண்டியிருந்தால் தொடங்கக் கூடாது. சிகிச்சையில் 54-ஐத் தாண்டினால் நிறுத்தி, ஏன் ஏறியது என்று பார்த்து, இறங்கிய பின் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். புகையும் குறட்டையும் இதைக் கூட்டும். நாக்கு வறண்ட நிலையில் கொடுத்த ரத்தமும் கூட்டிக் காட்டும் என்பதால் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். இரண்டாவது பி.எஸ்.ஏ. முதல் வருடத்தில் 1.4-க்கு மேல் ஏறினாலோ 4-ஐத் தாண்டினாலோ சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரிடம் போக வேண்டும். புரோஸ்டேட்டுக்கோ தலைமுடிக்கோ ஃபினாஸ்டிரைட், டூட்டாஸ்டிரைட் சாப்பிடுகிறவர்களுக்கு பி.எஸ்.ஏ. பாதியாகத் தெரியும். அந்த மாத்திரையைச் சொல்லாமல் விட்டால் ஏறிய எண்ணும் சரியான எண்ணாகத் தோன்றும்.

மருந்து போதுமா என்று பார்க்கும் ரத்தத்துக்கும் நேரம் உண்டு. டெப்போ என்றால் அடுத்த ஊசிக்குச் சற்று முன். இரண்டு வார ஊசி என்றால் இரண்டு ஊசிகளுக்கு நடுவில். ஜெல் என்றால் ஒரு வாரமாவது போட்ட பின், தடவிய 2 முதல் 8 மணி நேரத்துக்குள், தடவாத கையிலிருந்து. இயல்பு வரம்பின் நடுவில் நின்றால் போதும். சர்க்கரை மருந்தோ, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோ சாப்பிடுகிறவர்களுக்கு அவற்றின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம்.

இதயத்தைப் பற்றிய பயத்துக்கு ஓரளவு பதில் கிடைத்திருக்கிறது. 45 முதல் 80 வயதுள்ள, இதயநோயோ அதற்கான ஆபத்தோ இருந்த 5,200-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் செய்த டிராவர்ஸ் ஆய்வு 2023-இல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதயத்தால் மரணம் மூன்றும் சேர்ந்து ஜெல் போட்டவர்களில் 7.0 சதவீதம், மருந்தில்லாத வெறும் ஜெல் போட்டவர்களில் 7.3 சதவீதம். ஆனால் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறுவதும், நுரையீரலில் ரத்தக்கட்டியும், திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பும் மருந்து போட்டவர்களிடம் அதிகம். எலும்பு முறிவும் குறையவில்லை, கூடியது. இது மருத்துவர் கண்காணித்து, அளவு பார்த்துப் போட்டவர்களின் கணக்கு. ஜிம்மில் நண்பன் சொன்ன அளவுக்கு இதைச் சாட்சியாகக் காட்ட முடியாது.

பலன் தெரிவதற்குக் கால வரிசை உண்டு. நாட்டம் மூன்று முதல் ஆறு வாரத்தில். தசையில் மாற்றம் மூன்று நான்கு மாதத்தில். விறைப்புக்கு ஆறு மாதம் வரை. உற்சாகமும் நடைவேகமும் பெரிதாக ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள்; 65-ஐக் கடந்த 790 ஆண்களிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில் நாட்டம் கூடியது, இந்த இரண்டும் சொல்லும்படி மாறவில்லை. ரத்தத்தில் அளவு சரியாக நின்றும் ஆறு மாதத்தில் எதுவும் மாறவில்லை என்றால் காரணம் வேறு, மருந்தை நிறுத்த வேண்டும்.

நிறுத்தும்போது ஷட்டர் உடனே திறக்காது. சில வாரம், சில மாதம் முன்பைவிடக் கீழே இருப்பீர்கள். மருந்து தேவைதான் போலிருக்கிறது என்று அப்போது தோன்றும், அது உடம்பு மறுபடி சுரக்கத் தொடங்கும்வரை உள்ள இடைவெளி. டெப்போ போட்டிருந்தால் கடைசி ஊசிக்குப் பின் ஆறு மாதமாவது விட்டு, மறுபடி ஒரு காலையில், வெறும் வயிற்றில், எல்.எச்.சோடு சேர்த்துப் பாருங்கள். முதல் ஊசிக்கு முன் எடுத்த அந்த இரண்டு தாள்களையும் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவர் புதிய எண்ணை அவற்றோடுதான் ஒப்பிடுவார்.